மாப்பிள்ளையின் ஆற்றைப் பார்க்கப் பள்ளிவாசல் போனது

பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாளையார்ப் பக்கத்து மேட்டு நிலங்களில், பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அதையும் சித்திரையில்தான் பார்ப்பார்கள். ஐப்பசியில் எல்லார் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். அதைப் பார்த்து யாருக்கு என்ன லாபம்? இந்த வழக்கத்தினால் நான் சென்ற சித்திரையில் ரயில், மாட்டு வண்டி, லாரி, சொந்தக் கால் என்று மாறி மாறிப் போய், திருவிதாங்கூர் சமஸ்தானத்து மலையில் மின்சாரம் எடுக்கப் போகிற ஓர் ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் நாலாம் பாரத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன். நடையில் குறை இருந்தால் பள்ளிக்கூடத்தின் மேல் போட்டுவிடுங்கள்.

மூத்த மகள் பொன்னம்மாளைக் கொடுத்தபோதும் கிணறு பார்க்கத்தான் போனேன். தண்ணீர் நீலமாக, மேல் படி வரை நின்றது. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். நாங்கள் வருவது தெரிந்து, முந்தின பத்து நாளும் இறைக்காமல் மாட்டைக் கட்டிப் போட்டுத் தண்ணீரை ஊற விட்டிருந்தார்கள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது மாசி பிறந்தால் அந்தக் கிணற்றில் பாறை தெரிகிறது. பொன்னம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு பங்காளி வீட்டுக் கிணற்றுக்குப் போய், அவர்கள் தோட்டத்துக்கு இறைத்து முடிக்கும் வரை காத்திருந்து, இரண்டு பேச்சும் வாங்கிக்கொண்டு தண்ணீரோடு வருகிறாள். அவள் என்னை ஒன்றும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரி அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறாள்.

இளையவள் மரகதத்துக்கு இப்போது ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பழனிசாமி, பொள்ளாச்சிப் பக்கம். தாய் தகப்பன் இல்லை, காடு தோட்டம் இல்லை. கோயமுத்தூரில் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு, சமஸ்தானத்து மின்சார வேலையில் சேர்ந்திருந்தான். பள்ளிவாசல் என்ற இடத்தில் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று தினமும் அளந்து எழுதுகிற உத்தியோகம். தைப்பூசத்துக்கு வந்தபோது மரகதத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். அவளும் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். மிச்சம் என் வார்த்தை மட்டும்தான்.

"கெணறில்லாத ஊட்டுக்குப் புள்ளையக் குடுக்கறதுங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

"கெணறு என்னத்துக்கு? அவனுக்கு ஒரு ஆறே இருக்குது" என்று நான் பெரிய புத்திசாலி போலச் சொன்னேன்.

"அப்படீங்களா? அப்ப அந்த ஆத்தயே போயி எட்டிப் பாத்துப்போட்டு வாங்க. சித்திரையிலயே போங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் மலை தெரியும். நேராகப் பறந்தால் அரை நாள் தூரம் இருக்குமோ என்னவோ. ஆனால் குறுக்கே யானைக்காடு. ஆகவே வாளையாரில் ரயிலேறி, போத்தனூரில் மாறி, பொள்ளாச்சி வழியாகத் திண்டுக்கல்லில் மாறி, மதுரையில் மறுபடி மாறிப் போடிநாயக்கனூர் போக வேண்டும். மூன்றாம் வகுப்பில் எல்லாம் சேர்த்து நாலு ரூபாய் சில்லறை. ஒன்றரை நாள் பிடித்தது. மதுரையில் வண்டி மாறும்போது கட்டுச்சோற்று மூட்டையைப் பெஞ்சியில் விட்டுவிட்டேன். போடி வரை பட்டினியாக உட்கார்ந்து, மின்சாரம் என்றால் என்ன என்று எதிரே இருந்த ஏலக்காய் வியாபாரிக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். எனக்கும் தெரியாது என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போடியிலிருந்து மலையடிவாரம் ஐந்து மைல். வண்டிக்கு எட்டணா. அங்கே மூட்டை தூக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். எனக்குக் கிடைத்தவர் மாடசாமி, திருநெல்வேலிக்காரர், எஸ்டேட்டுக்குச் சாமான் சுமக்கிறவர். மூணாறு வரைக்கும் இரண்டரை ரூபாய் பேசினோம். விடியும் முன்பே ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் போடிமெட்டில் இருக்கலாம் என்றார். விடியும் முன்பே தொடங்கினோம். வெயில் எனக்கு முன்னால் போய்விட்டது.

பாதை கோவேறு கழுதை போகிற அகலம். முழங்கால் இரண்டும் மூன்றாவது வளைவிலேயே பேசத் தொடங்கின. ஒரு பாறையில் உட்கார்ந்தபோது மாடசாமி கேட்டார்: "எஸ்டேட்டுல வேலைக்கா அய்யா வாரீக?"

"இல்லை. பெண் கொடுக்கிற விஷயமாக."

"மாப்பிள்ள பாக்கவா! அதச் சொல்லுங்க."

"மாப்பிள்ளையைப் பார்த்தாயிற்று. ஆற்றைப் பார்க்கப் போகிறேன்."

அவர் தலையில் என் மூட்டையோடு நின்று சிரித்தார். மூட்டை ஆடியது. "ஆத்துக்கா பொண்ணக் குடுக்கப் போறீக? எங்க பக்கமெல்லாம் மாப்பிள்ளையத்தான் பாப்பாக!"

போடிமெட்டில் சமஸ்தானத்துச் சுங்கச்சாவடி. இங்கே ஒரு எச்சரிக்கை. புகையிலை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் மடியில் வைத்திருந்ததைச் சொல்ல மறந்ததில் அரை மணி நேரமும் புகையிலையும் போயின. நம்முடைய ரூபாயை வாங்கிக்கொள்கிறார்கள், சில்லறை மட்டும் அந்த ஊர்ச் சக்கரமாக வரும். சிறிய காசு, சட்டைப் பையில் ஓட்டை இருந்தால் விழுந்துவிடும். எனக்கு ஓட்டை இருந்தது.

சாயங்காலம் சின்னக்கானல் போய்ச் சேர்ந்தோம். மாடசாமியின் மைத்துனர் அங்கே எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் இருந்தார். கஞ்சியும் கருவாடும் கொடுத்து, படுக்கச் சாக்கும் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். சாப்பிட்டு முடிக்குமுன் மழை பிடித்தது. தகரக் கூரையில் கோடை மழை விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது. எனக்கு மழைச் சத்தம் கேட்டு வெகு நாள் ஆயிற்று. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் வழியெல்லாம் அட்டை. மழை பெய்தால் அவை எங்கிருந்தோ வந்துவிடுகின்றன. உப்புத் துணி கட்டிய கோல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேவிகுளத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று கிடைத்து, டிரைவருக்கு நாலணா கொடுத்து மூணாறு போனோம். மாடசாமி அங்கே என்னை விட்டுவிட்டு, "ஆத்துக்கிட்ட கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிப் போனார். மூணாற்றிலிருந்து பள்ளிவாசல் ஐந்து மைல், இறக்கம்தான். ஏற்றத்தைவிட இறக்கம் முழங்காலுக்குக் கொடுமை என்பதை இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முன்கூட்டியே கார்டு போட்டிருந்ததால் பழனிசாமி பாதி வழியில் வந்து நின்றான். வெயிலில் கறுத்து, தைப்பூசத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தான். மலைக்காய்ச்சல் வந்து எழுந்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. "வாங்க மாமா" என்று மூட்டையை வாங்கிக்கொண்டான். நான் காப்பிகூடக் குடிக்காமல், முதலில் ஆற்றைக் காட்டு என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்து, பேசாமல் கூட்டிக்கொண்டு போனான்.

முதிரப்புழை என்று பெயர். பார்த்ததும் எனக்கு உடம்பு வலி போய்விட்டது. கரைக்குக் கரை தண்ணீர். செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, பாறைகளை மூடிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவர்களோடு கத்திப் பேச வேண்டிய அளவு இரைச்சலோடு ஓடிற்று. சித்திரையில்! எங்கள் பக்கத்தில் சித்திரையில் கண்ணீருக்கே பஞ்சம். கரையோரமாக ஒரு கம்பம், அதில் கோடு கோடாக வர்ணம் அடித்திருந்தது. தண்ணீர் அதில் பாதிக்கு மேல் ஏறி நின்றது. கொஞ்ச தூரத்தில் மலையைக் குடைகிற வெடிச் சத்தம். ஆற்றைத் திருப்பி மலைக்குள் விட்டு, அந்தப் பக்கம் இரும்புக் குழாயில் தலைகீழாக இறக்கி, கீழே மிஷினைச் சுற்றவைத்து மின்சாரம் எடுப்பார்களாம். எனக்கு அது புரிந்தது என்று சொல்லமாட்டேன். தண்ணீர் புரிந்தது.

மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தேன். வாயில் வந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"இருங்க மாமா" என்றான் பழனிசாமி. "இன்னிக்குப் பாக்காதீங்க."

"ஏன், இன்னிக்கு என்ன? கரிநாளா?"

"இல்லீங்க. இது நேத்து ராத்திரி பேஞ்ச மழைத் தண்ணீங்க. இது ஆறு இல்லீங்க. ரண்டு நாள் இருந்து, வடிஞ்சப்புறம் பாத்துப்போட்டு உங்க வார்த்தையைச் சொல்லுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை தூரம் வந்து, கண் நிறையத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனை, அது தண்ணீர் இல்லை என்கிறான். வெற்றிலையை மறுபடி மடித்து வைத்தேன். இரண்டு நாள் தங்குவது என்று ஆயிற்று.

தங்கினவன் என்ன செய்வது? அவன் இருந்தது பலகையடித்த சிறிய குவார்ட்டர்ஸ். ஓர் அறை, ஒரு தாழ்வாரம். பகலில் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உடம்பெல்லாம் ஈரம். மலைக்காய்ச்சல் வராமலிருக்கக் கொய்னா மாத்திரை தின்றதில் காதுக்குள் வண்டு சுற்றிற்று. அவன் காலையும் மாலையும் கம்பத்தைப் போய்ப் பார்த்து எழுதிவிட்டு வருவான். நான் சாமான் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். கப்பலில் வந்த பெட்டிகளுக்கு நடுவே மேஜை போட்டிருந்தார். எல்லாரும் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள்.

"வாளையாரா? அப்போ நம்ம ஊர்க்காரராக்கும்! உக்காருங்கோ கவுண்டரே" என்று ஒரு பெட்டியைக் காட்டினார். பழனிசாமியும் வந்து சேர்ந்தான். இருவருக்கும் மின்சாரத்தைப் பற்றி வாதாடுவது தினசரி வழக்கு என்று தெரிந்தது. பெண்ணைக் கொடுக்க வந்தவன் என்று தெரிந்ததும் சாமிக்கு உற்சாகம் அதிகமாகிவிட்டது.

"கவுண்டரே, ஒண்ணு சொல்லறேன் கேட்டேளா. நீலகிரியிலேர்ந்து கோயமுத்தூருக்கு கரண்ட் வந்தாச்சு. அவா கம்பி எங்கே வேணும்னாலும் வரும். எல்லையிலே நின்னு காசு கொடுத்து வாங்கிண்டாப் போறாதோ? சின்ன ராஜ்யம். என்னத்துக்கு வேண்டி இந்த மலையைக் குடையறது?"

"வாங்கலாமுங்க சாமி" என்றான் பழனிசாமி. "ஆனா சாவி அவிக கையில இருக்கும். அவிகளுக்கே பத்தாத அன்னிக்கு நமக்கு விடுவாங்களா?"

"விடமாட்டாங்க சாமி" என்றேன் நான், யாரும் கேட்காமலே. "எம்பட மூத்த புள்ளையக் கேட்டுப் பாருங்க."

பொன்னம்மாள் கதையைச் சொன்னேன். சாமி முழுவதையும் கேட்டார். அப்புறம் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"செரி, சாவி உங்க கையிலேயே இருக்கட்டும். சித்திரையிலே ஆறு சுருங்கினா அந்தச் சாவியை வெச்சுண்டு என்ன பண்ணுவேள்? சந்தனம் பூசிப் பூஜை பண்ணுவேளா?"

"மேல அணை கட்டோணுமுங்க. ஐப்பசித் தண்ணியப் புடிச்சு வெச்சு, சித்திரைக்கு விடோணும்."

"அணைக்கு எத்தனை வருஷம்? பணம் யார் தருவா? மிஷின் சீமையிலேர்ந்து வரணும். நாளைக்கே அங்கே ஒரு சண்டை மூண்டா கப்பல் வருமோ? இந்தப் பெட்டியிலே ஒரு ஆணி குறைஞ்சா நான் மூணு மாசம் எழுதிண்டிருக்கேன். அதுவும் போகட்டும். இந்தக் காட்டுலே யாருக்கு கரண்ட்? யானை விளக்குப் போட்டுண்டு படுக்கப் போறதோ?"

"கீழ பாக்டரி வருமுங்க."

"பாக்டரிக்காரன் கரண்ட் வந்தா வரேங்கறான். சர்க்கார் பாக்டரி வந்தா கரண்ட் தரேங்கறது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துண்டிருக்கா. நடுவுலே நீர் கம்பத்தைப் பார்த்துண்டிருக்கீர்!"

பழனிசாமியே சிரித்துவிட்டான்.

ஈரத்தில் உட்கார்ந்து இரண்டு நாளும் இதைத்தான் கேட்டேன். எல்லாம் புரியாவிட்டாலும், ஒரு சின்ன ராஜ்யத்துக்கு இருக்கிற சங்கடம் எனக்குப் பழக்கப்பட்டதாகவே இருந்தது. இருக்கிற தண்ணீருக்குத் தகுந்தபடி சிறிதாகத் தொடங்கலாம். கையைச் சுடாது, ஆனால் வரப்போகிற பாக்டரிக்குப் போதாது. அணையோடு பெரிதாகத் தொடங்கலாம். கடன் வாங்கிக் கட்டி முடிக்கும்போது கரண்டை வாங்க ஆளில்லாமல் போனால் ராஜ்யமே அடமானம். பக்கத்து ஜில்லாவிலிருந்து வாங்கலாம். இன்றைக்குச் சுலபம், என்றைக்கும் குடத்தோடு காத்திருக்க வேண்டும். எதைச் செய்தாலும் ஒரே ஆறு, ஒரே மிஷின் வீடு, காட்டுக்குள் போகிற ஒரே கம்பி. முன்பொரு வெள்ளத்தில் இந்த மலையில் இருந்த ரயிலே அடித்துக்கொண்டு போயிற்றாம். கம்பிக்கு என்ன உறுதி? இரண்டு பெண்ணைப் பெற்ற நானே ஒரு முடிவுக்கு மூன்று வேட்டி நனைத்தேன். ஒரு நாட்டையே வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எப்படித் தூங்குகிறார்களோ.

மூன்றாம் நாள் காலையில் பழனிசாமி எழுப்பினான். ஆற்றுக்குப் போனோம். இரைச்சல் இல்லை. அன்றைக்கு நுரைக்குள் ஒளிந்திருந்த பாறைகளெல்லாம் யானைக்கூட்டம் படுத்திருப்பதுபோல வெளியே கிடந்தன. அவற்றுக்கு நடுவே தெளிந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடிற்று. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினால் நான் அக்கரைக்குப் போய்விடலாம். கம்பத்தில் வர்ணம் அடித்த இடமெல்லாம் காய்ந்திருந்தது. அடியில் மட்டும் ஈரம்.

"இதுதானுங்க மாமா நம்ம கெணறு" என்றான்.

நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன்.

"இந்தத் தண்ணிக்கு எத்தனை மிஷின் ஓடுமோ அத்தனையத்தான் சித்திரையில நம்பலாமுங்க. அதுக்கு மேல ஆருக்காச்சும் வாக்குக் குடுத்தா அது பொய்யி. அதுக்குத்தான் தெனமும் அளக்கறது."

"அணை கட்டுவாங்களா?"

"தெரியாதுங்க. கட்டறதுன்னு முடிவு பண்ணுனா என்ற வேலை நெலைக்கும். வெளிக்கம்பிய வாங்கிக்கலாம்னு முடிவு பண்ணுனா, ஆத்த அளக்கறதுக்கு ஆளு வேண்டியதில்லீங்க."

"அப்ப என்ன பண்ணுவே?"

"வேற வேலை தேடோணும். கெடைக்கும்னு உறுதியாச் சொல்லத் தெரியலீங்க."

எனக்குக் களைப்பில் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஏந்தம்பி, எல்லாம் நல்லா நடக்கும் மாமான்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன கொறஞ்சா போயிரும்? அன்னிக்கே சும்மா இருந்திருந்தா நான் வெத்தலையக் குடுத்துப்போட்டு எறங்கியிருப்பேன்."

"குடுத்திருப்பீங்க" என்றான். "அடுத்த சித்திரையில அவ வந்து பாப்பாளுங்களே."

ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்த கதையை நீட்டவில்லை. அதே பாதை, அதே அட்டை. போடி இறக்கத்தில் மாடசாமி எதிரே ஏறி வந்தார். "என்னய்யா, ஆறு சம்மதிச்சுதா?" என்று கத்தினார். நான் கையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு அது எப்படிப் புரிந்ததோ. எனக்கே புரியவில்லை.

வீட்டுக்கு வந்து, முழங்காலில் சூடான உப்பு மூட்டை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அன்றைக்குப் பொன்னம்மாளும் வந்திருந்தாள். வீட்டுக்காரி முழுவதையும் கேட்டுவிட்டு, "மொத்தத்துல தண்ணி இல்லீங்கறீங்க. வேலையும் நெலையில்ல" என்றாள். நான் இல்லையென்று சொல்லவில்லை.

உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த மரகதம் சல்லடையை நிறுத்தினாள்.

"ஏனுங்கப்பா, அவரு இருக்கச் சொல்லாட்டி நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"அன்னிக்கே வெத்தலை மாத்தியிருப்பேன்."

"அம்மா, அப்பறம் என்னத்துக்கு ரோசன பண்றீங்க?"

"ஆறு வத்திப்போனா என்னடீ பண்ணுவே?"

"வத்தறதுக்கு முன்னாலயே சொல்லிப்போடுவாருங்கம்மா."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் உப்பு மூட்டையைப் பார்த்தேன். அப்போதுதான் பொன்னம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்கப்பா, அந்த ஊட்டுக்குக் குடிக்கத் தண்ணி எங்கிருந்து எடுக்கோணும்?"

அத்தனை மைல் போய், இரண்டு நாள் காத்திருந்து, ராஜ்யத்தின் மிஷினுக்குத் தண்ணீர் போதுமா என்று பார்த்தவன், அந்தக் குவார்ட்டர்ஸில் குடத்தில் இருந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே இல்லை. எடுத்து எடுத்துக் குடித்தேன். கேட்கவில்லை. சம்மதம் என்று எழுதிய அதே கார்டில் இதையும் கேட்டு எழுதினேன்.

இனி போகிறவர்களுக்கு. கட்டுச்சோற்றை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி வேண்டும், சித்திரையானாலும் வேண்டும். கொய்னா மாத்திரை போடியிலேயே வாங்கிவிடுங்கள். லயத்தில் தங்கினால் அவர்கள் காசு வாங்கமாட்டார்கள், குழந்தைகளுக்குப் பொரிகடலை கொண்டுபோங்கள். மின்சார வேலை பார்க்கிறவர்கள் மழை ஓய்ந்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். குடும்பத்தோடு குடியேறப் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் குடிதண்ணீர் எங்கே என்று கேளுங்கள். அந்த ராஜ்யம் அணை கட்டுமா, கம்பியைக் கடன் வாங்குமா, இரண்டுமா என்பது இதை எழுதும் வரை யாருக்கும் தெரியாது. கொட்டகையில் சாமிக்கும் தெரியாது. தெரியாமலேதான் நாங்கள் நாள் வைத்திருக்கிறோம். சித்திரையிலும் மழைக்காலத்திலும் அளக்கிறவனுக்கு லீவு கிடையாதாம். ஆகவே தை மாதம்.

பழனிசாமியின் பதில் பத்து நாளில் வந்தது. குடிதண்ணீர் வீட்டுக்குக் கீழே ஓடையில் இருந்து எடுக்க வேண்டும், ஏற்றம் செங்குத்து, மழையில் வழுக்கும், சித்திரையில் அதுவும் சுருங்கும், தான் இருக்கிற நேரத்தில் தானே எடுத்து வைப்பதாக எழுதியிருந்தான். படித்துக் காட்டினேன். வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். மரகதம் கொஞ்சம் யோசித்துவிட்டு, சீர்வரிசையில் அந்தப் பெரிய பித்தளை அண்டா வேண்டாம், மேட்டில் ஏறும்போது இடுப்பில் நிற்கிற மாதிரி வாய் குறுகின சின்னக் குடமாக இரண்டு வாங்கிவிடுங்கள் என்றாள். பொன்னம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு, குடம் பார்க்கப் பாலக்காட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள்.